பாட்டி உடம்புக்குள் ஆன்டிமேட்டரா?

போன மாதம் என் அம்மாவுக்கு பெட் ஸ்கேன் எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் என் எட்டு வயது மகள் கட்டிக்கொள்ள ஓடினாள். "வேண்டாம் கண்ணு, ராத்திரி வரைக்கும் பாட்டி கிட்ட வராதே" என்றார் அம்மா. பிள்ளை முகம் வாடிவிட்டது. "ஏன்ப்பா?"

"கதிர்வீச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பாதி பதில் சொன்னால், மீதியைப் பயம் நிரப்பிவிடும். உட்கார வைத்துச் சொன்னேன்.

எலெக்ட்ரானுக்கு ஒரு எதிர்த்துகள் உண்டு, பெயர் பாசிட்ரான். நிறை ஒன்றே, மின்னூட்டம் மட்டும் நேரெதிர். 1932-ல் கார்ல் ஆண்டர்சன் அதைக் காஸ்மிக் கதிர்களில் கண்டுபிடித்தார். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே காணாமல் போகும். ஆனால் கணக்கு உதைக்காது. அவற்றின் நிறை முழுவதும் ஆற்றலாகி, பெரும்பாலும் இரண்டு காமா கதிர்களாக எதிரெதிர்த் திசையில் பறக்கும். ஒவ்வொன்றுக்கும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்.

பாட்டிக்குப் போட்ட ஊசியில் இருந்தது ஃப்ளூரின்-18 சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. புற்றுநோய் செல்கள் பொதுவாகச் சர்க்கரையை அதிகம் இழுக்கும். அங்கே ஃப்ளூரின் பாசிட்ரானை வெளிவிடும். அது மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும், அதற்குள் ஒரு எலெக்ட்ரானைச் சந்தித்துவிடும். சுற்றியுள்ள வளையக் கருவி இரண்டு கதிர்களையும் ஒரே நேரத்தில் பிடித்தால், அந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டில்தான் மோதல் நடந்திருக்கிறது. லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம் ரெடி.

"அப்போ பாட்டி வெடிச்சிடுவாங்களா?" சினிமா பார்க்கிற பிள்ளை, கேட்கத்தானே செய்யும்!

"இல்லடா. ஒரு மோதல்ல வர்ற ஆற்றல், பறக்கிற கொசுவோட ஆற்றல்ல சுமார் பத்து லட்சத்துல ஒரு பங்குதான். பாட்டிக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா அந்தக் கதிர் வெளியே வருது. வளர்ற பிள்ளைக்கு அது தேவையில்லாம எதுக்கு? அதான் கொஞ்ச நேரம் தள்ளி இருக்கச் சொல்றாங்க."

ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். நூறு, ஐம்பது, இருபத்தைந்து... 12 மணி நேரத்தில் நூறில் ஒன்றுதான் மிச்சம்.

ஊசி போட்டது காலை எட்டு மணிக்கு. இரவு எட்டு அடித்ததும் பேப்பரோடு பாட்டி ரூமுக்கு ஓடினாள்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. எங்களுக்குப் பயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதிரைப் பற்றிய பயம் மட்டும் எங்கள் வீட்டில் இப்போது இல்லை.