மதமதப்பு என்று சொல்கிறார்களா? கேளுங்கள்

வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் ஊசி ஊசியாகக் குத்தும். அழுந்திக் கிடந்த நரம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கும்போது தாறுமாறாகத் தகவல் அனுப்புகிறது. அதையே மூளை குத்தலாக உணர்கிறது. இந்த உணர்ச்சிகளுக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. உணர்வற்றுப் போவதை மரத்தோடு சேர்த்து ‘மரத்தல்’ என்றார்கள். குறுகுறுப்பு, மதமதப்பு, விறுவிறுப்பு எல்லாம் இரட்டைக்கிளவியில் பிறந்தவை. இன்று சினிமாவுக்குச் சொல்கிற ‘விறுவிறுப்பு’கூட, விஷம் ஏறும்போதும் காயம் எரியும்போதும் உடம்பில் ஓடும் உணர்ச்சிக்கு வழங்கிய சொல்தான்.

இந்தச் சொற்களை மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் ஒன்று செங்கல்பட்டை ஒட்டி இருக்கிறது. திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளிகளுக்கான இல்லம் தொடங்கியது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய்க்கான டாப்சோன் மருந்தை ஊசி வழியே கொடுத்துப் பார்க்கும் முயற்சியை 1940களில் இங்கே செய்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹேன்சன் கண்டறிந்தது 1873இல். அது உடம்பில் குளிர்ச்சியான பகுதிகளைத் தேடிப் போகும். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறைச் செல்களில் குடியேறும். ஒன்று இரண்டாகப் பெருகவே பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், நோய் வெளியே தெரிய ஆண்டுக்கணக்காகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்கிறதல்லவா, அந்த நரம்பைத்தான் இந்நோய் அடிக்கடி தாக்கும். நரம்பு தடித்து வீங்கும். “கை மதமதன்னு இருக்கு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்பார்கள். பிறகு அதுவும் நின்றுவிடும். நோயாளி நிம்மதி அடைவார். உண்மையில் ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், காக்ரேனோடு செங்கல்பட்டு இல்லத்தைச் சுற்றிப் பார்த்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றி, அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது, பிராண்டுக்கு வலித்தது. இத்தனை பலமுள்ள தசையைக் கொண்டு மடங்கிய விரலை நிமிர்த்த முடியாதா என்ற கேள்வியிலிருந்தே அவருடைய கை அறுவை சிகிச்சைகள் பிறந்தன. விரல்களை நோய் தின்னவில்லை, வலி தெரியாததால் பட்ட சூடும் வெட்டும் புண்ணும்தான் தின்கின்றன என்பதையும் அவர் நிறுவினார். தொழுநோய் பற்றி இதைவிடப் பெரிய உண்மையை யாரும் சொன்னதில்லை என்பேன்.

மதமதப்பெல்லாம் தொழுநோய் ஆகிவிடாது. சர்க்கரை நோய், பி12 குறைவு, கழுத்தெலும்புத் தேய்வு என்று காரணம் பல. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் நாள் முழுக்க அதிரும் அறுப்பு மெஷினைப் பிடிக்கிறவர்களுக்கும் விரல் மரக்கலாம். தொழுநோயைக் காட்டிக்கொடுப்பது தேமல்: சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ சிவந்தோ இருக்கும், அரிக்காது, உணர்ச்சி இருக்காது. சோதனை எளிது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சின் நுனியால் தோலை மெல்லத் தொடுவார்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். தேமலைத் தொடும்போது மட்டும் விரல் அசையாது.

பரிந்துரைக்கப்படும் கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகும். சிறுநீர் சிவப்பாகப் போகும். அது கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டாம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆனால் செத்த நரம்பை எந்த மாத்திரையும் மீட்காது. வீட்டில் யாருக்காவது உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் களிம்பு தடவிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து அங்கே இலவசம்.