பாதி உடம்பு யாருக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சன்னதிக்குப் போகும் மண்டபத்தில் மோகினி, இராமர், நாரதர் என்று ஆளுயரச் சிலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் தும்புரு நிற்பார். மனித உடம்பு, குதிரை முகம். பெருமாளைப் பாடுகிற கந்தர்வர். ராஜபாளையத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளை வரைய உட்காரவைத்தது அவர் முன்னால்தான். முகம் வந்துவிடும், தோள் வந்துவிடும், கழுத்தில் பென்சில் நின்றுவிடும். குதிரை எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான்?

"டீச்சர், இதையே மாத்தி, மேல மனுசன் கீழ குதிரைன்னு யாராச்சும் செஞ்சிருக்காங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

கிரேக்கர்கள் செய்தார்கள். சென்டார் என்று பெயர். குதிரையின் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மனிதனின் இடுப்பு எழும்பும். நாலு கால், இரண்டு கை. மிகப் பழைய சென்டார் சிலைகளில் ஒன்று யூபியா தீவின் லெஃப்கண்டியில் கிடைத்தது. கி.மு. 900 வாக்கில் செய்த சுடுமண் சிலை. தலை ஒரு கல்லறையிலும் உடம்பு இன்னொன்றிலும் இருந்தன. அதன் உடம்பு சக்கரத்தில் வனைந்த உருளை. அய்யனாருக்கு மண்குதிரை எடுப்பதைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் கொஞ்சமும் அந்நியமாகப் படவில்லை.

சென்டார்கள் பெரும்பாலும் முரடர்கள். லாபித்துகளின் அரசன் பிரித்தூஸ் கல்யாணத்துக்கு விருந்தாளிகளாக வந்தவர்கள், மது தலைக்கேறியதும் மணப்பெண்ணையே தூக்கப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தோழனான வீரன் தீசியஸும் சேர்ந்து அடித்து விரட்டினான். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை கி.மு. 447-இல் கட்டத் தொடங்கியபோது தெற்குப் பக்கச் சதுரப் பலகைகளில் இந்தச் சண்டையைத்தான் செதுக்கினார்கள். நாகரிகம் ஒரு பக்கம், காட்டுத்தனம் ஒரு பக்கம் என்று அவர்களுக்குக் கணக்கு தெளிவு.

விலக்கு ஒருவர் உண்டு: கைரோன். அக்கிலீஸ், ஜேசன், மருத்துவத் தெய்வமான அஸ்கிலேபியஸ் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். பழைய கிரேக்கக் குடுவை ஓவியங்கள் பலவற்றில் கைரோனுக்கு முன்னங்கால்கள் மனிதக் கால்கள், ஆடையும் உடுத்தியிருப்பார். குதிரை பின்னால் மட்டுமே. கற்றுக்கொடுப்பவருக்கு மனிதக் கால் கொடுத்த அந்த ஓவியர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். மனிதமும் விலங்கும் சேருமிடத்தைக் கொஞ்சம் நகர்த்தியே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் சென்டாருக்கு நெருங்கிய உறவு புருஷாமிருகம்: மேலே மனிதன், கீழே பெரும்பாலும் சிங்க உடல். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய், திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் இறங்கவேண்டும். நாயக்கர் காலத்துத் தூண் ஒன்றில் பீமனும் புருஷாமிருகமும் மல்லுக்கு நிற்கிறார்கள். தருமன் நியாயம் சொல்கிறான்.

தருமனின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தை அழைத்துவரப் போனவன் பீமன். அது பழுத்த சிவபக்தி உள்ளது. திருமால் பெயரைக் கேட்டால் பொறுக்காது. பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓட, அது துரத்தியது. நெருங்கும்போதெல்லாம் கண்ணன் தந்த ருத்ராட்சம் ஒன்றைக் கீழே போடுவான், அது லிங்கமாகும், மிருகம் நின்று பூசை செய்யும். கடைசியில் தன் நாட்டு எல்லையில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போது பிடிபட்டான். வழக்கு அண்ணனிடம் வந்தது. எல்லைக்கு வெளியே இருந்த பாதி உடம்பு மிருகத்துக்கே என்று தருமன் தீர்ப்புச் சொன்னான். அந்த நியாயத்துக்கு மனம் குளிர்ந்துதான் அது பீமனை விட்டது.

இந்தக் கதையை எத்தனை வகுப்பில் சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாதி மனிதனாக இருப்பது மிருகம். ஆனால் பாதியாக்கப்படுவது வீரன். கிரேக்கக் கல்லில் வீரன் வெட்டுகிறான். நம் கதையில் வீரன் ஓடுகிறான், துரத்துகிற மிருகமோ பூசையைத் தவறவிடுவதில்லை. ஒலிம்பியா ஜீயஸ் கோயிலின் மேற்கு முகப்பில், கி.மு. 460 வாக்கில் செதுக்கிய அதே கல்யாணச் சண்டையின் நடுவே அப்பல்லோ கை நீட்டி நிற்கிறார், லாபித்துகளின் பக்கமாக. நம் நடுவரோ தம்பிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னவர்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பீமனின் ஓட்டம் இன்றும் நடக்கிறது. சிவராத்திரியை ஒட்டி, கையில் பனையோலை விசிறியோடு, முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு பக்தர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டே ஓடுகிறார்கள்.