கோல்களுக்குப் பின்னால் மறைந்த கோல்கீப்பர்

ஜோஸே லூயிஸ் சிலாவெர்ட் என்று சொன்னதும், "கோல் போடுவாரே, அந்தக் கோல்கீப்பர்தானே?" என்று கேட்காத கால்பந்து ரசிகர் குறைவு. பராகுவேயின் லூக்கே நகரில் 1965-இல் பிறந்த இவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஆட்ட வாழ்க்கையில் அறுபதுக்கும் அதிகமான கோல்களை அடித்தார். அவற்றில் எட்டு, நாட்டு அணிக்காக அடித்தவை. 1999 நவம்பரில் பியூனஸ் ஐரிஸின் ஃபெரோ கார்ரில் ஓஸ்தே அணிக்கு எதிராக மூன்று பெனால்டிகளையும் கோலாக்கி, ஹாட்ரிக் அடித்த முதல் கோல்கீப்பர் என்ற பெயரும் வாங்கினார். சட்டையில் புல்டாக் படம், நடுவரோடு வாக்குவாதம், எதிரணியை வம்புக்கு இழுக்கும் பேட்டிகள் எல்லாம் சேர்ந்து அவரை ஒரு வித்தைக்காரராகவே ரசிகர்கள் மனதில் நிறுத்திவிட்டன. ஆனால் கோல் அடித்தது அவருடைய உபதொழில்தான். அவரை எடைபோட வேண்டிய ஆட்டங்கள் பெரும்பாலும் அவர் கோல் அடிக்காத ஆட்டங்கள்.

முதலில் அந்த உபதொழிலையே பார்த்துவிடலாம். அதில்கூட வித்தையைவிடக் கணக்குதான் அதிகம். அவருடைய கோல்களில் பெரும்பாலானவை பெனால்டி, மீதியில் பல ஃப்ரீ கிக். இரண்டிலும் பந்து ஓரிடத்தில் நிற்கிறது. அடிப்பவரை யாரும் துரத்துவதில்லை. அணியிலேயே நன்றாக உதைக்கத் தெரிந்தவர் கோல்கீப்பராக இருந்தால், அவரை விட்டுவிட்டு இன்னொருவரை அனுப்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது? "காலியாகக் கிடக்கும் கோல் கம்பத்தை யார் பார்ப்பது?" என்பது நியாயமான கேள்வி. 2004-இல் ஜெர்மனியின் லெவர்குசன் கோல்கீப்பர் ஹான்ஸ் யோர்க் புட் பெனால்டியைக் கோலாக்கிவிட்டுக் கொண்டாடித் திரும்புவதற்குள், ஷால்கே அணி நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தூக்கி அடித்து கோல் போட்டுவிட்டது. ஆபத்து உண்மைதான். இருபது வருடம் கழித்தும் அந்தக் கதையை நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், அப்படி நடப்பது எவ்வளவு அபூர்வம் என்றும் அதிலிருந்தே தெரிகிறது. காலமும் சிலாவெர்ட்டுக்குச் சாதகமாக இருந்தது. சொந்த அணிக்காரர் காலால் தட்டிவிடும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. உலகெங்கும் கோல்கீப்பர்கள் காலைப் பழக்கத் திணறிய நேரத்தில், சிலாவெர்ட்டின் இடது கால் ஏற்கெனவே தயாராக இருந்தது.

எல்லாம் தற்பெருமைக்காகச் செய்தது என்பவர்களுக்கு 1994-ஆம் ஆண்டே பதில். பியூனஸ் ஐரிஸின் மேற்கு ஓரத்தில், லினியெர்ஸ் பகுதியில் இருக்கும் வேலெஸ் சார்ஸ்ஃபீல்ட், அதாவது சிலாவெர்ட் அப்போது ஆடிய கிளப், போகா ஜூனியர்ஸோ ரிவர் பிளேட்டோ போன்ற பெரிய கிளப் அல்ல. 1968-இல் ஒரே ஒருமுறை அர்ஜென்டினாவின் பட்டத்தை வென்றது. அடுத்ததற்குக் கால் நூற்றாண்டு காத்திருந்தது. பயிற்சியாளர் கார்லோஸ் பியாங்கி வந்த 1993-இல் பட்டம் மீண்டும் கிடைத்தது. மறுவருடம் தென்னமெரிக்காவின் கிளப் கோப்பையான லிபர்டடோரஸ் இறுதியாட்டம். எதிரே, முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வைத்திருந்த சாவ் பாவ்லோ. லினியெர்ஸில் ஒரு கோல் முன்னிலை, பிரேசிலில் ஒரு கோல் தோல்வி, பிறகு பெனால்டி ஷூட் அவுட். அதில் சிலாவெர்ட் ஒன்றை அடித்தார், ஒன்றைத் தடுத்தார். அந்த டிசம்பரில் டோக்கியோவில் கண்டங்களுக்கு இடையிலான கோப்பைக்காக ஏசி மிலானைச் சந்தித்தார்கள். சில மாதங்களுக்கு முன்தான் பார்சிலோனாவை 4–0 என்று நொறுக்கியிருந்த மிலான் அது. வேலெஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உலகமே பார்க்கும் அந்த உதையை அடித்தவர் சிலாவெர்ட் அல்ல, ரொபெர்த்தோ த்ரோத்தா. சிலாவெர்ட் தன் கம்பத்தடியில் நின்று, மிலானை ஒரு கோலும் போடவிடாமல் ஆட்டத்தை 2–0 என்று முடித்துக் கொடுத்தார்.

பராகுவேக்கு அவர் செய்தது இன்னும் பெரிது. 1990, 1994 உலகக் கோப்பைகளுக்கு அந்த நாடு தகுதி பெறவே இல்லை. 1998-க்கான தகுதிச்சுற்றில் அர்ஜென்டினாவுக்கு ஒரே ஒரு புள்ளி குறைவாக இரண்டாமிடம் பிடித்தது. அதில் பியூனஸ் ஐரிஸில் 1–1 என்று முடிந்த ஆட்டத்தில் பராகுவேயின் கோல், சிலாவெர்ட்டின் ஃப்ரீ கிக். பிரான்சில் நடந்த போட்டியில் பல்கேரியாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரு கோல்கூட விடவில்லை. நைஜீரியாவை 3–1 என்று வென்றது. அடுத்த சுற்றில் போட்டியை நடத்திய பிரான்சையே, ஸிதான் தடையில் இருந்த அந்த ஆட்டத்தில், தொண்ணூறு நிமிடமும் கோலின்றி நிறுத்தியது. கூடுதல் நேரத்தில் ஆறேழு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் பெனால்டி ஷூட் அவுட். அங்கே சிலாவெர்ட் நிற்பார் என்பது பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரியும். லோரான் பிளாங் அதற்குள் கோல் அடித்துவிட்டார். விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல்டன் கோல், உலகக் கோப்பையில் அதுதான் முதல். களத்தில் விழுந்து கிடந்த சக வீரர்களை ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினார் கேப்டன் சிலாவெர்ட். நான்கு ஆட்டம், வாங்கியது இரண்டே கோல். இந்தப் பெருமை கமாரா, அயாலா, ஆர்ஸே என்ற தடுப்பாட்டக்காரர்களுக்கு அல்லவா என்று கேட்கலாம். அவர்களுக்கும்தான், கமாரா அந்தப் போட்டி முழுவதும் ஒரு ஃபவுல்கூடச் செய்யவில்லை. ஆனால் எந்தத் தடுப்பு வரிசையும் பின்னால் நிற்பவரை நம்பித்தான் முன்னே ஏறி ஆடும். கத்திக் கத்தி அந்த வரிசையை இழுத்துக் கட்டியதும் கோல்கீப்பர் வேலைதான்.

கறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 1997-இல் கொலம்பியாவின் அஸ்ப்ரியாவோடு மோதி இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். 2001-இல் பிரேசிலின் ரொபெர்த்தோ கார்லோஸ் மீது எச்சில் துப்பினார். அதற்காக விதிக்கப்பட்ட தடையால் 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தை இழந்தார். அவர் இல்லாத பராகுவே, கையிலிருந்த ஆட்டத்தை தென்னாப்பிரிக்காவிடம் 2–2 என்று நழுவவிட்டது. அடுத்து ஸ்பெயினிடம் 3–1 என்று தோற்றபோது அவரே தடுமாறினார். வயது முப்பத்தாறு, உடலும் கனத்திருந்தது. அவரைப் பெருமைப்படுத்த இதையெல்லாம் 'குணச்சித்திரம்' என்று பூசி மெழுகுவது எனக்கு ஒப்பாது. அதேசமயம் 1999-இல் கோபா அமெரிக்கா சொந்த நாட்டிலேயே நடந்தபோது, அந்தப் பணம் கல்விக்குப் போயிருக்க வேண்டும் என்று ஆட மறுத்தவரும் இவர்தான். வாயடக்கம் இல்லாதது இரண்டு பக்கமும் வெட்டியது. 2023-இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது நூற்றுக்கு ஒரு வாக்குகூடத் தேறவில்லை என்பது தனிக்கதை.

கோல் எண்ணிக்கையே அளவுகோல் என்றால் விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. சாவ் பாவ்லோவின் ரொஜேரியோ செனி 2006-இல் அவரைத் தாண்டி, 131 கோல்களில் போய் நின்றார். ஃப்ரீ கிக்கில் செனி இன்னும் நுட்பமானவர் என்றுகூடச் சொல்வேன். ஆனால் செனி உலகக் கோப்பையில் ஆடியது, 2006-இல் ஜப்பானுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய சில நிமிடங்கள் மட்டுமே. மார்க்கோஸும் திதாவும் இருந்த பிரேசிலில் அது அவர் குற்றமல்ல. பராகுவேக்கு அப்படி இன்னொருவர் இருக்கவில்லை. 1998-இல் தொடங்கி 2010 வரை தொடர்ந்து நான்கு உலகக் கோப்பைகளில் அந்தச் சிறிய நாடு ஆடியது. முதல் இரண்டிலும் கம்பத்தடியில் நின்றவர் சிலாவெர்ட்.