உங்களுக்குத் தெரியுமா?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அந்தப் பணிக்குத் தூண்டியது.

அந்த நோய்க்கு இன்று பல மருந்துகள் உண்டு. அவற்றுள் பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ‘ஆக்சாலிபிளாட்டின்’ மருந்துக்கு வினோதமான ஒரு பக்கவிளைவு உண்டு: குளிர்ச்சி ஆகாது! மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே நரம்புகள் குளிருக்குக் கூசத் தொடங்கும். பிரிட்ஜ் கதவைத் தொட்டால் விரல்கள் சுரீரென்று மரத்துப்போகும். ஐஸ் மோர் ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சு நின்றதுபோல் இருக்கும், தாடையும் பிடித்துக்கொள்ளும். நரம்பிலுள்ள சோடியம் வாயில்கள் சரியாக மூடாமல் போவதே காரணம் என்கிறார்கள்.

புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் இந்த மருந்தை ஏற்றிக்கொண்டு தாகத்தோடு வருபவரிடம் பானைத் தண்ணீரைக்கூட நீட்ட முடியாதது வீட்டாருக்கு வேதனைதான். ஆனாலும் அந்த நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரே நல்லது. பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். அடுத்த தவணைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தை மெதுவாக ஏற்றினால் தொல்லை குறையலாம். மூச்சுத்திணறல் நீடித்தால் மட்டும் வீட்டில் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.