குதிரைக்குப் பிரியாணி!

ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் ரோட்டோர டீக்கடை. தீபத் திருவிழா சமயம். சந்தைக்குப் போகிற குதிரை ஒன்றை ஒருத்தர் பிடித்துக்கொண்டு போனார். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் வேட்டி கட்டி டீ குடித்த அமெரிக்கர், "மார்வாரி!" என்றார், பளிச்சென்று.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ராஜஸ்தான் குதிரை அவருக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செஞ்சி தேசிங்குராஜன் குதிரையும் செஸ் போர்டு குதிரையும்தான்!

"உங்க ஊர்ல என்ன ஜாதி சார்?" என்றேன். டெக்ஸாஸ்காரர். விடுவாரா?

குதிரை இனம் உருவானதே அமெரிக்காவில்தானாம். ஆனால் சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே பூண்டோடு அழிந்துபோனது. திரும்ப வந்தது கப்பலில். 1519-ல் மெக்ஸிகோவில் இறங்கிய ஸ்பெயின்காரர் கோர்டெஸ் கொண்டுவந்தது வெறும் 16 குதிரை. பின்னால் வந்தவற்றில் தப்பி ஓடி, காட்டில் பெருகியவைதான் 'மஸ்டாங்'.

கால் மைல் பந்தயத்துக்கென்று வளர்த்தது 'குவார்ட்டர் ஹார்ஸ்'. புட்டம் பெருத்த குட்டை உடம்பு. அந்தத் தூரத்துக்குள் ரேஸ் குதிரையையே முந்திவிடும். மாட்டை மடக்குவதில் மன்னன். 1789-ல் பிறந்த 'ஃபிகர்' என்ற ஒற்றைக் குதிரையின் வம்சம் 'மார்கன்'. புள்ளிபோட்ட 'அப்பலூசா', நெஸ் பெர்ஸ் என்ற செவ்விந்தியர்கள் பொறுக்கி வளர்த்தது. 1877 போரில் தோற்றபோது குதிரைகளும் பறிபோயின. அந்த இனத்தை மீட்க 1938-ல்தான் சங்கம் வைத்தார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு ஒரு கணக்கு உறுத்தியது. கோர்டெஸ் கப்பல் ஏறிய அதே காலத்தில்தான், திருவண்ணாமலை ராஜகோபுரத்தைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் ஆண்டார். அவர் காலத்திலும் குதிரை கப்பலில்தான் வந்தது. விஜயநகர அரசர் வருஷத்துக்கு 13,000 குதிரை வாங்குவதாக எழுதியவர் நூனிஸ் என்ற போர்த்துகீசியக் குதிரை வியாபாரி. அங்கே 16, இங்கே 13,000! அப்படியானால் நம்ம பக்கம் எத்தனை ஜாதி உருவாகியிருக்கணும்?

விடை, அதற்கும் 200 வருஷத்துக்கு முன்பே மார்கோ போலோ எழுதியதில் இருக்கிறது. பாண்டிய நாட்டில் ஒரு ராஜா 2,000 குதிரை வாங்கினால், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். வைத்தியம் தெரிந்த ஆள் கிடையாது. விற்க வந்த வியாபாரிகளும் அந்த ஆட்களைக் கூட்டிவர மாட்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! தீனி? வெந்த சோறும் வெந்த கறியும்!

அங்கே புல்வெளியில் குட்டி போட்டுப் பெருகியது. இங்கே கஜானா காலியானதுதான் மிச்சம். மாணிக்கவாசகரைப் பாண்டியன் பெட்டி நிறையப் பணம் கொடுத்து எதற்கு அனுப்பினான் என்பது இப்போது புரிந்தது.

எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டே டீ ஆற்றிய மாஸ்டர் ஒரே வரியில் முடித்தார்:

"கொள்ளு வைக்க வேண்டிய வாய்க்குப் பிரியாணி வச்சா, வம்சம் எப்படி சார் விருத்தியாகும்?"