ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பிறகு நெறி கட்டுகிறதா? அலட்சியம் வேண்டாம்!

‘கழுத்துல நெறி கட்டியிருக்கு, லேசா காய்ச்சலும் அடிக்குது.’ மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒருவர் இப்படிச் சொன்னால், மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுப்போம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், அவர் சில மாதங்களுக்கு முன்பு லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் என்றால்? அந்த நெறிக்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

தூங்கும் வைரஸ்

ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வந்த ஒருவகைப் புற்றுக்கட்டியை ஆராய்ந்தபோது, 1964-ல் ஆன்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சாங் ஆகியோர் கண்டுபிடித்ததுதான் ‘எப்ஸ்டீன்-பார்’ வைரஸ். பெரியவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோரின் உடலில் இது இருக்கிறது. எச்சில் வழியாகப் பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, ரத்தத்தின் ‘பி’ செல்களில் ஒளிந்துகொள்ளும். ‘டி’ செல்கள் என்ற காவல்காரர்கள் இருக்கும்வரை வாலாட்டாது.

மற்றவரின் ஸ்டெம் செல்லைப் பெறுபவருக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் தரப்படும். காவல் தளரும் அந்த நேரத்தில், வைரஸ் புகுந்த ‘பி’ செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகலாம். இதைத்தான் மருத்துவர்கள் ‘பி.டி.எல்.டி’ என்கிறார்கள். பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆண்டுக்குள், அதிலும் முதல் ஆறு மாதங்களில் வரும்.

ஓர் ஆறுதல்: லிம்போமா நோயாளிகள் பலருக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்பச் செலுத்துவார்கள். அவர்களுக்கு இந்த ஆபத்து மிக அரிது. கொடையாளரிடம் பெற்றவர்கள், அதிலும் செல் பொருத்தம் குறைந்தவர்கள், ‘டி’ செல்களைக் குறைக்கும் மருந்து பெற்றவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பழைய நோயா, புதிய நோயா?

விடாத காய்ச்சல், நெறி, டான்சில் வீக்கம், இரவில் வியர்வை, எடை குறைவு... இவை பழைய லிம்போமா திரும்பினாலும் வரும். நம் ஊரில் காசநோயாகவும் இருக்கலாம். ரத்தத்தில் வைரஸ் அளவைக் காட்டும் பி.சி.ஆர் பரிசோதனையும் ஸ்கேனும் துப்புக் கொடுக்கும். நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் உறுதி செய்யும். ‘ஊசி பட்டால் புற்று பரவும்’ என்ற பயத்தில் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள். ரிட்டுக்ஸிமேப் ஊசி போடுவார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு, இந்த வைரஸை மட்டும் குறிவைக்கும் ‘டி’ செல்களைச் செலுத்தும் சிகிச்சைக்கு 2022-ல் ஐரோப்பா அனுமதி தந்தது.

மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொடையாளரின் செல்கள் உங்கள் உடலையே தாக்கத் தொடங்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவரும் வேலூர் சி.எம்.சி., மதுரையிலிருந்து ஓர் இரவுப் பயண தூரம். அங்கோ சென்னையிலோ சிகிச்சை முடித்து ஊர் திரும்புபவர்கள், சிகிச்சை தந்த பிரிவின் போன் நம்பரையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கைவசம் வைத்திருங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே அழையுங்கள். உள்ளூர் மருத்துவரிடம் போனாலும், ‘இவருக்கு ஸ்டெம் செல் மாற்றியிருக்கு’ என்பதை முதலில் சொல்லுங்கள். மாத்திரை கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.