சாயத் தண்ணீரை வடிகட்ட இறால் ஓடு, களிமண்!

ராயபுரம்:
காசிமேட்டில் குப்பைக்குப் போகும் இறால் ஓட்டையும் களிமண்ணையும் வைத்து சாயப்பட்டறை கழிவுநீரை வடிகட்டலாம்.

சாயக்கழிவால் நொய்யல் ஆறு நாசமாகி, 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தவித்தது கூலித் தொழிலாளிகள்தான்.

களிமண்ணில் இருப்பது மைனஸ் மின்னேற்றம். பிளஸ் சாயத்தை இழுத்துப் பிடிக்கும். ஆனால் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் மைனஸ் ஆச்சே, ஒட்டுமா? இறால் ஓட்டில் எடுக்கும் கைட்டோசான், லேசான அமிலத் தண்ணீரில் பிளஸ். இரண்டையும் கலந்து மெல்லிய சவ்வாக வார்த்தால் ரெண்டு வகை சாயமும் சிக்கிக்கொள்ளும்.

உப்பு மட்டும் நிற்காது. அதற்கு, கொடுங்கையூரில் கழிவுநீரை சுத்தமாக்கி மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்களே, அந்த ஆர்.ஓ. சவ்வுதான் வேண்டும். களிமண் சவ்வு இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கு.